சேம்பரையில் தண்ணீர் அடித்தது

சேம்பரையில் தண்ணீர் முதன்முதலாக அடித்தது சடைச்சியை. கருந்தலைமலையின் கிழக்குச் சரிவில், கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் பலாமரங்களுக்கும் நடுவே மலைக்குடிகள் மட்டும் வாழ்ந்த சிற்றூர் அது. வெயில் ஏறும் முன் குடத்தோடு ஓடைக்கு இறங்கியவள் வழக்கம்போலக் குனிந்து, மிதந்த சருகை ஒரு கையால் விலக்கி, குடத்தின் வாயை அமிழ்த்தியபோது, ஓடை ஒரு கணம் ஓடாமல் நின்றது, நின்ற தண்ணீர் கயிறுபோல முறுக்கிக்கொண்டு எழுந்தது, எழுந்த வேகத்தில் அவள் வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டது, விட்டபின் ஒன்றும் நடவாததுபோல மறுபடி ஓடத் தொடங்கியது. முன்பற்கள் இரண்டு கழன்று கூழாங்கற்களோடு கூழாங்கற்களாகப் போயின. சடைச்சி குடத்தை விடவில்லை. பாதிக் குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மேடேறி வந்தாள்.

"என்னாடி ஆச்சு?" என்று எதிர்ப்பட்ட பெண்கள் கேட்டார்கள்.

"தண்ணி அடிச்சிருச்சு" என்றாள்.

பல் போன வாயும் பெருகிய ரத்தமும் சேர்ந்து பாதிச் சொல்லை விழுங்கிவிட்டன. கேட்டவர்கள் காதில் விழுந்தது தண்ணி என்பதும் அடி என்பதும்தான். அந்த இரண்டையும் சேர்த்துக் கேட்டால் சேம்பரையில் யாருக்கும் நினைவுக்கு வருகிற ஆள் ஒருவன்தான்: அவள் புருஷன் தீர்த்தன். மலை மேலே தாதுக் கம்பெனி வெட்டிய பெரும்பள்ளத்தில் வெடிக்குழி போடும் வேலை அவனுக்கு. வேலை முடிந்தால் குடிப்பான், குடித்தால் அடிப்பான், அடித்தால் அழுவான், அழுதுகொண்டே தூங்கிப்போவான். அது ஊருக்கெல்லாம் தெரியும்.

சடைச்சியின் தம்பி ஆண்டி கொல்லையிலிருந்து ஓடி வந்தான். அக்காவின் வாயைப் பார்த்தான். பாயில் கிடந்த தீர்த்தனை முடியைப் பிடித்து இழுத்து வந்து, ஊர்ப்பொதுவில் நின்ற பலாமரத்தோடு சேர்த்துக் கட்டி, புளியம்விளாரை ஒடித்து வந்து, அவனும் அவன் பங்காளிகளும் மாறி மாறி அடித்தார்கள்.

"ஐயோ மாப்ள, இன்னிக்கு நான் அடிக்கலடா! இன்னிக்கு அடிக்கலடா!" என்று தீர்த்தன் கத்தினான். முதுகுத்தோல் பிரிந்து விளாரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. "கேளுடா அவளை!"

சடைச்சி எதிரிலேயே நின்றாள். அவள் வாயில் ரத்தம் நிறைந்திருந்தது. துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். துப்பவில்லை. அன்றைக்கு அடித்தது அவனில்லை என்பது அவளுக்குத் தெரியும். மற்ற நாட்களில் அடித்தது அவன்தான் என்பதும் தெரியும். ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு பழைய நாளை மனசுக்குள் எடுத்து வைத்தபடி, விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல், அவன் தலை தொங்கும்வரை அவள் அப்படியே நின்றாள்.

தலை தொங்கியதும் ஆண்டி அக்காவின் குடத்தை எடுத்து, மாமன் முகத்தில் ஊற்றித் தெளிய வைக்கப் போனான். குடத்தைச் சாய்த்த அதே நேரம் தண்ணீர் குடத்தைவிட்டுப் பாய்ந்து வந்து அவன் மூக்கில் அடித்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஆண்டி மல்லாந்து விழுந்தான். தண்ணீர் தரையில் இறங்கி, யாரையும் பார்க்காமல் வழிந்து போனது.

ஊரின் மூப்பன் சின்னாண்டி எழுந்து வந்து ஈரத்தைக் காலால் தொட்டுப் பார்த்தார். கட்டைவிரலில் சுளீரென்று ஒன்று விழுந்ததும் காலை இழுத்துக்கொண்டார்.

"அவ சொன்னது சரிதான். தண்ணிதான் அடிச்சிருக்கு. அவனை அவுத்து விடுங்க" என்றார். கட்டு அவிழ்ந்து மண்ணில் சரிந்த தீர்த்தனைப் பார்த்து, "வாங்குனது வாங்குனதுதாண்டா. பழசுக்குன்னு நெனச்சுக்க" என்றும் சொன்னார்.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை. அன்றைக்கு உலை வைக்க வேண்டியிருந்தது, மாடுகளுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருந்தது, பிள்ளைகளின் கால் கழுவ வேண்டியிருந்தது. ஆகவே ஊர் அடி வாங்கியது, அடி வாங்கியே தண்ணீரின் போக்கைக் கற்றுக்கொண்டது. குடத்தை நீரோட்டத்தோடு சாய்த்து மெல்ல அமிழ்த்தினால் அடி தோளில் விழும், முகத்தில் விழாது. கோணிச்சாக்கை மடித்துத் தலையில் கட்டிக்கொண்டு போனால் வீக்கத்தோடு போகும். கொதிக்க வைத்தால் கோபம் தணியும் என்று நினைத்தார்கள், தணியவில்லை, அடியோடு சூடும் சேர்ந்துகொண்டது. அதில் கிண்டிய களி தொண்டைவரை சாதுவாக இறங்கி, வயிற்றுக்குள் போனபின் உள்ளிருந்து குத்தியது. சாப்பிட்ட பிறகு ஆணும் பெண்ணும் வாசலில் வரிசையாகச் சுருண்டு கிடந்து, குத்து ஓய்ந்ததும் எழுந்து வேலைக்குப் போனார்கள். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்ட ஊர், "இன்னிக்கு எங்க விழுந்துச்சு?" என்று கேட்கத் தொடங்கியது. இடுப்பில் என்றால் நல்ல நாள். காதோரம் என்றால் கெட்ட நாள். பக்கத்து ஊர்க்காரர்கள் சேம்பரைக்குப் பெண் கொடுக்க யோசித்தார்கள், சேம்பரைப் பெண்ணை எடுக்க யோசிக்கவில்லை, அடி தாங்கும் என்றார்கள்.

மழைத்தண்ணீர் அடிக்கவில்லை. மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், போய்வர அரை நாள் ஆகும் தேனிப்பாறை ஊற்றும் அடிக்கவில்லை. கம்பெனிப் பள்ளத்துக்கு மேலே ஓடை பூனைக்குட்டிபோலக் கையை நக்கியது. பள்ளத்துக்குக் கீழே வந்ததும் அடித்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஊருக்கு அது விளங்கியது. ஆனால் ஊரின் ஆண்களில் பாதிப்பேர் அந்தப் பள்ளத்தில்தான் வேலை செய்தார்கள், ஆகவே விளங்கியதை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

தீர்த்தன் சடைச்சியை அடிப்பதை விட்டுவிட்டான். திருந்திவிட்டானா, புதிதாக அடிக்க அவள் உடம்பில் இடமில்லாமல் போனதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. கோணிச்சாக்கை அவள் தலையில் கட்டிவிடும் வேலையை அவனாகவே எடுத்துக்கொண்டான். முடிச்சு எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கன்னமும் முதுகும் கன்றிப்போயிருப்பதைப் பார்த்த வாத்தியார், பெற்றவர்கள்தான் அடிக்கிறார்கள் என்று கீழே புகார் கொடுத்தார். விசாரிக்க இரண்டு போலீஸ்காரர்கள் மலையேறி வந்தார்கள். வந்த களைப்பில் ஒருவர் ஓடைக்குப் போய் இரு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அறைந்துகொண்டார். அவர் அறைந்தது ஒன்று, தண்ணீர் அறைந்தது அதற்குமேல். காதில் ரத்தம் வடிய அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மறுநாள் வண்டி வந்தது. அடையாளம் தெரியாத ஆட்கள் போலீஸைத் தாக்கினார்கள் என்று வழக்கு. அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக அகப்பட்ட ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். தீர்த்தனும் அதில் இருந்தான்.

"யார்ரா அடிச்சது?"

"தண்ணிங்க சாமி."

"தண்ணி அடிச்சிட்டு அடிச்சியா?"

"இல்லிங்க, தண்ணியே அடிச்சிதுங்க."

ஒவ்வொருவனையும் தனித்தனியாகக் கேட்டார்கள், ஒவ்வொருவனும் அதையே சொன்னான், சொன்னதற்காக ஒவ்வொருவனையும் தனித்தனியாக அடித்தார்கள். திரும்பி வந்தபோது தீர்த்தனின் இடது கை முழங்கையில் முறிந்து, அதற்குரியதல்லாத திசையில் தொங்கியது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்போது அவன் சடைச்சியிடம் சொன்னான்: "தண்ணி எவ்வளவோ பரவால்ல. அது கேள்வி கேக்கறதில்ல."

இந்தச் செய்தி கம்பெனிக்கும் போனது. மேனேஜர் சக்கரபாணி நல்ல மனிதராகத் தெரிகிற மனிதர், யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்பார். அவர் டவுனிலிருந்து ஓர் ஆளை வரவழைத்துத் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னார். அந்த ஆள் ஓடைப்பக்கம் வரவேயில்லை. மேனேஜர் பங்களாக் குழாயில் இரண்டு பாட்டில் பிடித்துக்கொண்டு காரில் ஏறிப் போனான். குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று முடிவு வந்தது. அதைக் கோவில் சுவரில் ஒட்டினார்கள். அன்றைக்குக் கோவிலில் தெளித்த தண்ணீர் பூசாரியின் கண்ணைக் கலக்கிவிட்டது.

சடைச்சியின் கைகளில் புண் வந்தது. சின்னச் சின்ன வட்டமாக, வலியே இல்லாமல், குழித்துக்கொண்டே போகிற புண். அடியால் வந்ததில்லை என்று அவளுக்கே தெரிந்தது. மூப்பனோடு அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே இருந்த டாக்டர் அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு யாரிடமோ போனில் பேசினார். அடுத்த வாரம் மெஹருன்னிசா வந்தாள்.

மெஹருன்னிசா மாவட்டத்துத் தண்ணீர்ச் சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். முப்பது தாண்டிய, ஒல்லியான, வேகமாக நடக்கிற பெண். ஸ்கூட்டரின் பின்னால் ஒரு ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவளிடம், தண்ணீர் அடிக்கும் என்று மூப்பன் எச்சரித்தார். அவள் சரி என்றாள். சடைச்சி கோணிச்சாக்கை நீட்டினாள். அதை வாங்கித் தலையில் முக்காட்டின் மேல் கட்டிக்கொண்டாள்.

பாட்டிலை முதலில் அதே தண்ணீரால் கழுவ வேண்டும், அதுதான் முறை. கழுவும்போது ஓடை அவள் விலாவில் குத்தியது. நிரப்பும்போது தாடையில் அடித்தது. அவள் தள்ளாடி, பல்லைக் கடித்துக்கொண்டு, பாட்டிலை வெயிலுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். தண்ணீரில் எலுமிச்சைத் தோலை ஊறவைத்ததுபோல ஒரு மங்கல் மஞ்சள் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப வலிக்குதாங்க மேடம்?" என்று சடைச்சி கேட்டாள்.

"இந்தக் கலர் எனக்குத் தெரியும்க்கா. எங்க ஊர்ல தோல் பதனிடற ஷெட்டு நிறைய. கிணத்துத் தண்ணி இப்படித்தான் இருக்கும். குரோமியம்னு ஒரு விஷம். நாங்க அதுலதான் சமைச்சோம், அதுலதான் குளிச்சோம்."

"அங்கயும் அடிக்குமா?"

"அடிக்கல" என்றாள் மெஹருன்னிசா. பாட்டிலின் மூடியைத் திருகினாள். "அடிச்சிருந்தா எங்கம்மா ஒதுங்கியிருப்பாங்க."

பெட்டிக்குள் பாட்டில்கள் உதைத்துக்கொண்டே போயின. வளைவுகளில் ஸ்கூட்டர் தானாக ஆடுவதை ஊர் மேட்டிலிருந்து பார்த்தது.

முடிவைச் சொல்வதற்கு அவள் மறுபடி மலையேறி வந்தபோது, மூன்றாவது வளைவில் கம்பெனி ஜீப் ஒன்று குறுக்கே நின்றது. அதிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஸ்கூட்டரைத் தள்ளினார்கள், ஐஸ் பெட்டியைப் பாறையில் போட்டு உடைத்தார்கள், பாட்டில் பிடிக்கிற கை எது என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்லாததால் தாங்களாகவே வலது கையைச் சாலையில் வைத்து இரும்புக்கம்பியால் அடித்தார்கள். சந்தைக்குப் போய்த் திரும்பிய தீர்த்தனும் ஆண்டியும் அவளைச் சாலையோரத்தில் கண்டார்கள். வேட்டியை மூங்கிலில் கட்டித் தூளியாக்கி, ஆண்டி ஒரு முனையையும் தீர்த்தன் தன் ஒற்றைக் கையால் மறுமுனையையும் தாங்கி, அவளைச் சேம்பரைக்குக் கொண்டுவந்தார்கள்.

சடைச்சியின் வீட்டுப் பாயில் கிடந்தபடியே அவள் ஊருக்கு முடிவைச் சொன்னாள். இருக்கலாம் என்கிற அளவைவிடப் பல மடங்கு விஷம். பள்ளத்துத் தண்ணீரை எங்கேயோ குழாய் வைத்து ஓடையில் இறக்கிவிடுகிறார்கள்.

"இது எங்களுக்குத் தெரியுமே" என்றார் மூப்பன். "தெனம் வாங்குறோமில்ல?"

"உங்களுக்குத் தெரிஞ்சா போதாது தாத்தா. கோர்ட்டுக்குத் தெரியணும்."

அவள் குணமாகி வருவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டது. மாவுக்கட்டுக் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, புதுப் பெட்டியோடு பஸ்ஸில் வந்தாள். சடைச்சி கோணியைக் கட்டிவிட்டாள். இருவரும் ஓடைக்கு இறங்கினார்கள். மெஹருன்னிசா இடது கையால் பாட்டிலை அமிழ்த்திவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒன்றும் விழவில்லை.

சடைச்சி தன் கையை விட்டாள். தண்ணீர் விரல்களுக்கு நடுவே சும்மா போனது. அவள் முகத்தை விட்டாள். பிறகு எழுந்து நின்று, தன் ஓட்டைவாய் விரியக் கத்தினாள்: "அடிக்கல! அடிக்கலடி! ஏ, எல்லாரும் வாங்க, அடிக்கல!"

ஊர் மேட்டிலிருந்து உருண்டு இறங்கியது. பிள்ளைகள் அம்மணமாகக் குதித்தார்கள், பெண்கள் சேலையோடு மல்லாந்து மிதந்தார்கள், மாடுகள் சொல்லாமலே வந்து நின்று குடித்தன, கோணிச்சாக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள், கோவிலில் கிடா வெட்டிப் பொங்கல் வைத்தார்கள், ஒருவர் வயிற்றிலும் குத்து விழவில்லை. ஆண்டி தன் மகள் மல்லியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஓடைக்குள்ளேயே ஆடினான். அவளுக்கு நாலு வயது. அடிக்குப் பயந்து அவளை ஓடைப்பக்கமே விட்டதில்லை. சக்கரபாணி கூடை கூடையாக லட்டு அனுப்பினார். பின்னாலேயே தானும் வந்து, ஓடையில் கையைவிட்டுக் காட்டி, "பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்" என்று சிரித்தார். குடிக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

மெஹருன்னிசா ஒருத்திதான் குளிக்காமல் கரையில் நின்றாள். தண்ணீரின் மஞ்சள் அப்படியேதான் இருந்தது.

அவள் தண்ணீரைச் சோதித்துவிட்டுத் திரும்பி வந்து ஊர்ப்பொதுவில் நின்று சொன்னபோது பொங்கல் பானைகள்கூட இன்னும் கழுவப்படவில்லை. "குடிக்காதீங்க. முன்ன இருந்ததைவிட ரெண்டு மடங்கு ஆயிருச்சு."

"அடிக்கலியே" என்றாள் ஒருத்தி.

"அடிக்கல. ஆனா விஷம் இருக்கு."

"அப்பறம் ஏன் அடிக்கறதை நிறுத்துச்சு?" என்று ஆண்டி கேட்டான்.

"அது எனக்குத் தெரியாது. பாட்டில்ல இருக்கறதை மட்டுந்தான் என்னால சொல்ல முடியும்."

எத்தனையோ மாதமாக முதல்முறையாக உடம்பு வலிக்காமல் எழுந்திருந்த ஊர் அது. அந்தச் சொல்லைக் கேட்க அதற்கு மனமில்லை. தண்ணீரே சொல்லிவிட்டது, இவள் யார் சொல்ல என்று ஒரு குரல் எழுந்தது. சோதிக்க வந்தவள் கை பட்டுத்தான் கெட்டது என்று இன்னொரு குரல். யாரோ கல்லை எறிந்தார்கள். ஆண்டி முன்னால் வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். அவள் விழுந்தாள். அவன் காலைத் தூக்கினான்.

சடைச்சி நடுவில் பாய்ந்தாள். உதை அவள் விலாவில் விழுந்தது. விழுந்தும் விலகவில்லை, மெஹருன்னிசாவின் மேல் குடைபோலக் கவிந்துகொண்டாள்.

"அக்கா, எந்திரி!"

"இவ கையை உடைச்சப்ப தூக்கிட்டு வந்தவன் நீதானடா! இவளை எதுக்கு அடிக்கிற? இவளா விட்டா விஷத்தை?"

தீர்த்தன் வந்து மச்சானைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். ஊர் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றது. மெஹருன்னிசா உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுந்து, சடைச்சியிடம் மட்டும், "குழந்தைங்களுக்காவது கொடுக்காதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

சடைச்சி மறுநாளிலிருந்து தேனிப்பாறைக்கு நடந்தாள். தீர்த்தனும் கூடப் போனான். இன்னும் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மற்றவர்கள் ஓடையிலேயே குளித்தார்கள், ஓடையையே குடித்தார்கள். முதலில் ஆடுகள் நுரை தள்ளின. பிறகு மல்லி வாந்தி எடுத்தாள். வாந்தி மஞ்சளாக இருந்தது, பிறகு சிவப்பாக இருந்தது. ஆண்டி அவளைத் தூளியில் போட்டுக்கொண்டு ஓடினான், மலைப்பாதையின் பாதியில் தூளி கனமாவதை உணர்ந்தான், உணர்ந்தும் நிற்காமல் அடிவாரம்வரை ஓடினான். திரும்பி ஏறும்போது நடந்தான்.

மல்லியைப் புதைத்த மண் காயும் முன் அவன் வீட்டுக்குள் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான். யாரையும் கூப்பிடவில்லை. ஊர் அவன் பின்னால் எழுந்து போனது. கடப்பாரை இருந்தவர்கள் கடப்பாரை, மண்வெட்டி இருந்தவர்கள் மண்வெட்டி, ஒன்றும் இல்லாதவர்கள் வழியில் கிடந்த கல்லைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். முகட்டில் தீர்த்தன் முன்னால் வந்தான். "பங்களா பக்கம் போகாத. குழாய் இந்தாண்ட இருக்கு. பள்ளத்துக்குப் பின்னால, ஈச்சம்புதருக்குள்ள" என்றான்.

புதரை விலக்கினார்கள். ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய குழாய்; அதன் வாயிலிருந்து மஞ்சள் தண்ணீர் சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஆண்டி முதல் கல்லைப் போட்டான். தண்ணீர் கல்லைச் சுற்றிப் போனது. இரண்டாவதைப் போட்டார்கள். கம்பெனிக் காவலாட்கள் கம்புகளோடு ஓடி வந்தார்கள், பின்னால் சக்கரபாணி வந்தார்.

"என்னப்பா இது, தண்ணிதான் இப்ப அடிக்கலியே!" என்றார்.

பதிலுக்கு அடுத்த கல் விழுந்தது. அது அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும், அடிக்கச் சொல்லிக் கையை அசைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தது சண்டை என்று சொல்ல முடியாது. காவலாட்கள் அடித்தார்கள், ஊர் கல் சுமந்தது. தலையில் அடி விழுந்தவன் விழுந்தான், அவன் தலையிலிருந்து விழுந்த கல்லைப் பின்னால் வந்தவள் எடுத்துக்கொண்டு போனாள். தோளில் விழும்படி திரும்பத் தெரிந்திருந்தார்கள், முகத்தைக் காக்கத் தெரிந்திருந்தார்கள், விழுந்த அடியோடு வேலையைத் தொடரத் தெரிந்திருந்தார்கள். அடிக்கிறவர்களின் கைகள்தான் முதலில் சோர்ந்தன. ஆண்டி ஒருவனின் கம்பைப் பிடுங்கி அவன் முழங்காலைப் பெயர்த்தான். மூப்பன் தன் கல்லைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். அவரை இழுத்தவர்களால் அவரையும் கல்லையும் பிரிக்க முடியவில்லை. தீர்த்தன் குழாயின் வாயருகிலேயே இறங்கி நின்று, நல்ல கையால் கல்லை வாங்கி வாங்கி உள்ளே அடுக்கினான், தண்ணீர் அவன் மார்புவரை மஞ்சளாக ஏறியது. ஒரு காவலாள் மேலே ஏறி நின்று இரும்புக்கம்பியை அவன் உச்சந்தலையில் இறக்கினான். சடைச்சி கல்லோடு வந்துகொண்டிருந்தாள். தீர்த்தன் அவளைப் பார்த்தான். "இங்க குடு" என்றான், கையை நீட்டினான், நீட்டியபடியே கற்களின் மேல் சாய்ந்தான்.

அவள் அந்தக் கல்லை அவன் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத்தான் கத்தினாள்.

குழாய் அடைபட்டது. பள்ளத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் பள்ளத்திலேயே தேங்கி, வெடிக்குழிகளை மூடி, இயந்திரங்களின் சக்கரத்தை மூடி, ஏறிக்கொண்டே போனதைப் பார்த்துச் சக்கரபாணி ஜீப்பில் ஏறினார். போலீஸ் வந்தது. ஆண்டியையும் இன்னும் பலரையும் பிடித்துக்கொண்டு போனது. ஆனால் மலைமேல் ஒரு கொலை விழுந்திருந்தது, ஒரு குழந்தை செத்திருந்தது, மெஹருன்னிசாவின் சோதனை முடிவுகள் கோர்ட்டில் இருந்தன. வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. காவலாள் ஒருவன் சிறைக்குப் போனான். சக்கரபாணி போகவில்லை. வேறு எங்கோ வேறு கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

அதற்கெல்லாம் முன், தீர்த்தனைக் குளிப்பாட்ட ஓடைத்தண்ணீர் வேண்டாம் என்று சடைச்சி சொல்லிவிட்டாள். ஊர் காத்திருந்தது. அவள் தேனிப்பாறைக்குப் போய், நிறைகுடத்தைத் தளும்பாமல் கொண்டுவந்தாள். அவன் முதுகைத் திருப்பிக் கழுவும்போது கூட நின்ற பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அவன்மேல் தனக்கு இருந்தது என்ன என்று தேடிப் பார்த்தாள். கோபமும் இருந்தது, அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது, அதற்கு அவளிடம் பெயர் இல்லை. காதுமடல்களின் பின்புறம்வரை துடைத்துச் சுத்தமாக்கி அனுப்பினாள்.

புருஷன் செத்த வீட்டுக்காரி காரியம் முடியும்வரை ஓடைப்பக்கம் போகக்கூடாது என்பது ஊர் வழக்கம். மெஹருன்னிசா பஸ்ஸில் வந்து இறங்கிய காலையில் காரியம் முடிந்திருக்கவில்லை. அவளுடைய வலது கை கோணலாகக் கூடியிருந்தது, பாட்டிலின் மூடியை அதனால் திருக முடியவில்லை. வாசலில் நின்று தயங்கினாள்.

"வேற யாரையாவது கூப்பிட்டுக்கிறேன்க்கா."

"நடங்க" என்றாள் சடைச்சி.

இறங்கினார்கள். ஓடை சும்மா ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் வெளிறியிருந்ததுபோல இருந்தது, வெயில் அப்படிக் காட்டியதாகவும் இருக்கலாம். சடைச்சி பாட்டிலை வாங்கி அதே தண்ணீரால் கழுவி ஊற்றினாள், அமிழ்த்தி நிரப்பினாள், சோதிக்கும்வரை தண்ணீர் மாறாமலிருக்க மெஹருன்னிசா துளியாக அமிலம் விட்டதும் மூடியைத் திருகி இறுக்கினாள்.

"எப்ப சுத்தமாகும்?"

"பல வருஷம் ஆகலாம். நான் வந்து பாத்துக்கிட்டே இருக்கணும்."

"வாங்க" என்றாள் சடைச்சி. பாட்டிலைப் பெட்டிக்குள் வைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைக்கப் போனவள், துடைக்காமல், அதைத் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடியே மேடேறினாள்.